1000 பேரைத் தாங்கிய தளம் 400 பேருக்கு ஏன் விழுந்தது?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஆம்னி பேருந்துகளுக்கு டிக்கெட் முன்பதிவு செய்யும் ஒரு சிறிய தளம். ஸ்பிரிங் பூட்டில் (ஜாவாவில் தளம் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதியது. பொங்கல் முன்பதிவுக்கு முன்னால் ஜேமீட்டர் என்ற கருவியில் 1000 போலிப் பயனர்களை வைத்து ஐந்து நிமிடம் லோடு டெஸ்ட் (சுமைச் சோதனை) செய்திருக்கிறார்கள். முகப்பு, சென்னை–மதுரை தேடல், இருக்கை தேர்வு, பணம் கட்டுதல் என்று எல்லாம் ஸ்கிரிப்டில் உண்டு. பணத்தை வாங்கித் தரும் வெளிச் சேவையான பேமென்ட் கேட்வே இருக்கவேண்டிய இடத்தில் உடனே ‘ஓகே’ சொல்லும் ஒரு போலி. சராசரி பதில் நேரம் 300 மில்லி செகண்ட், பிழை பூஜ்யம். முன்பதிவு திறந்த அன்று காலை 6 மணிக்குக் கூட்டம் வந்தது, எட்டே நிமிடத்தில் தளம் படுத்துவிட்டது. அப்போது அனலிடிக்ஸ் காட்டியது 400 பேர். ‘1000 பேரைத் தாங்கிய சர்வர் 400 பேருக்கு எப்படி விழும்? நிஜப் பயனர்களைப் போலவே சோதிப்பது எப்படி?’

முதலில் அந்த 400 என்ற எண்ணை நம்பாதீர்கள். அனலிடிக்ஸ் ஸ்கிரிப்ட், பக்கம் ஓரளவாவது இறங்கிய பிறகுதான் ஓடும். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். கடைக்குள் நுழைந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வாசலில் நெருக்கியடித்து நின்றவர்களை விட்டுவிட்ட கணக்கு அது.

அடுத்து உங்கள் சோதனையின் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 1000 த்ரெட், அதாவது 1000 போலிப் பயனர்கள். ஒவ்வொன்றும் 0.3 செகண்டில் பதில் வாங்கிக்கொண்டு, மூச்சு விடாமல் அடுத்ததைக் கேட்கிறது. அப்படியானால் செகண்டுக்கு ஏறக்குறைய 3,300 ரிக்வெஸ்ட். மனிதர்கள் அப்படித் தட்டுவதில்லை. ஒரு பக்கம் வந்ததும் நேரத்தைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், ‘ஜன்னல் சீட் வேணுமா?’ என்று வீட்டில் கேட்பார்கள். பத்து செகண்டுக்கு ஒரு கிளிக் என்று வைத்தாலும் 4,000 பேர் சேர்ந்து செகண்டுக்கு 400 கிளிக்தான். ஆக, வாசலில் நின்றவர்களைச் சேர்த்தாலும், நீங்கள் சோதித்த வேகத்தின் பக்கத்தில்கூட அன்றைய கூட்டம் வந்திருக்காது. எண்ணிக்கையால் சர்வர் விழவில்லை. வந்தவர்கள் செய்த ஏதோ ஒன்று உங்கள் ஸ்கிரிப்டில் இல்லை.

என் சந்தேகம் முதலில் அந்தப் போலி கேட்வே மேல்தான்.

ஸ்பிரிங் பூட்டில் டேட்டாபேஸ் இணைப்புகளைப் பார்த்துக்கொள்வது ஹிகாரி என்ற பூல், அதாவது எடுத்துப் பயன்படுத்தித் திருப்பித் தரும் இணைப்புகளின் தொகுப்பு. யாரும் மாற்றாவிட்டால் அதில் 10 இணைப்புகள்தான் இருக்கும். இருக்கையைப் பூட்டி, கேட்வேயைக் கூப்பிட்டு, பதில் வந்ததும் டிக்கெட்டைப் பதிவு செய்வதையெல்லாம் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக முடியும் அல்லது மொத்தமாக ரத்தாகும் டேட்டாபேஸ் வேலைக்குள்) எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால், கேட்வே பதில் சொல்லும்வரை அந்த இணைப்பு சும்மா பிடிபட்டுக் கிடக்கும். போலி கேட்வே 20 மில்லி செகண்டில் பதில் சொன்னால் 10 இணைப்புகளை வைத்து செகண்டுக்கு 500 முன்பதிவு போகும். நிஜ கேட்வே 3 செகண்ட் எடுத்தால் அதே 10 இணைப்புகள் செகண்டுக்கு மூன்று முன்பதிவைத்தான் முடிக்கும். 500 எங்கே, 3 எங்கே!

அதோடு நிற்காது. ஒவ்வொரு செகண்டிலும் மூன்று பேருக்கு மேல் வருகிறவர்கள் இணைப்புக்காகக் காத்திருப்பார்கள். ஹிகாரி இயல்பாக 30 செகண்ட் வரை காக்க வைக்கும். காத்திருக்கும் ஒவ்வொருவரும் ரிக்வெஸ்டுகளை வாங்கும் டாம்கேட் என்ற வெப் சர்வரின் ஒரு த்ரெட்டைப் (ஒரு வேலையாளைப்) பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதன் இயல்பான உச்சம் 200. அந்த 200-ம் இணைப்புக்காக வரிசையில் நின்றுவிட்டால், டேட்டாபேஸையே தொடாத முகப்புப் பக்கம்கூடத் திறக்காது. சிபியு கிராஃப் மட்டும் பத்து சதவிகிதத்தில் படுத்துத் தூங்கும். ‘சர்வர் சும்மாதானே இருக்கு, ஏன் தளம் வரல?’ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வீர்கள்.

கேட்வேயைப் போலி செய்வதில் தப்பில்லை, செய்துதான் ஆக வேண்டும். ஆனால் நிஜ கேட்வே எப்படித் தாமதிக்குமோ அப்படியே போலியும் தாமதிக்க வேண்டும். பெரும்பாலும் 2, 3 செகண்ட், சில சமயம் 15, நூற்றில் இரண்டு மூன்று தோல்வி, எப்போதாவது பதிலே வராமை. உங்கள் பழைய கட்டணப் பதிவுகளில் இந்த நேரங்கள் இருக்கும், அதையே எடுத்துப் போடுங்கள். யுபிஐ இருந்தால் இன்னொன்றும் உண்டு. ஆள் தளத்தை விட்டுப் போனில் உள்ள வேறொரு ஆப்புக்குப் போய், பின் நம்பர் போட்டு, திரும்பி வர ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஆகும். அதுவரை உங்கள் பக்கம் ‘பணம் வந்ததா, வந்ததா’ என்று சர்வரை நச்சரித்துக்கொண்டே இருக்கும். மூன்று செகண்டுக்கு ஒரு முறை கேட்கிறது என்றால், 500 பேர் காத்திருக்கும்போது இந்த நச்சரிப்பு மட்டுமே செகண்டுக்கு 167 ரிக்வெஸ்ட். உங்கள் ஸ்கிரிப்டில் இது ஒன்றுகூட இருந்திருக்காது.

எட்டு நிமிடம் என்றதும் எனக்கு இன்னொன்று உறைத்தது. இருக்கையை எத்தனை நிமிடம் பிடித்து வைக்கிறீர்கள்? ஏழெட்டு நிமிடம் என்றால், 6:00-க்குப் பாய்ந்து வந்து இருக்கையைப் பிடித்து, பணம் கட்ட முடியாமல் தவித்த அத்தனை பேரின் பிடியும் 6:08 வாக்கில் ஒரே மூச்சில் காலாவதியாகும். விடுவிக்கும் வேலை ஒரு பக்கம், விடுபட்ட இருக்கைக்காக எல்லோரும் மறுபடி தேடுவது இன்னொரு பக்கம். ஐந்து நிமிடச் சோதனை இதைப் பார்த்திருக்கவே முடியாது. லாகில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவில்) 6:07-லிருந்து 6:09 வரை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்.

சரி, இப்போது பொதுவான விஷயத்துக்கு வருவோம்.

லோடு டெஸ்ட் கருவிகளின் பெரிய பிரச்சினை அவற்றின் மரியாதை. ஜேமீட்டரின் சாதாரண த்ரெட் குரூப்பில் ஒரு த்ரெட், முந்தைய கேள்விக்குப் பதில் வராமல் அடுத்ததைக் கேட்காது. சர்வர் திணறினால் கருவியும் பதமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சர்வர் மூச்சு வாங்கிவிட்டு எழுந்ததும் மறுபடி தொடங்கும். நிஜத்தில் 6:01-க்கு வருகிறவருக்கு, 6:00-க்கு வந்தவர் இன்னும் காத்திருப்பது தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை. அவர் பாட்டுக்கு வந்துகொண்டேதான் இருப்பார். முதல் வகையை மூடிய மாதிரி என்றும் இரண்டாவதைத் திறந்த மாதிரி என்றும் சொல்வார்கள். இந்த இரண்டும் ஒரே அமைப்புக்கு எவ்வளவு வேறான முடிவுகளைத் தரும் என்று ஷ்ரோடர், வீர்மன், ஹார்ச்சோல்-பால்டர் ஆகிய மூவர் 2006-லேயே ஆய்வுக்கட்டுரை எழுதிவிட்டார்கள். இன்றும் பெரும்பாலானோர் மூடிய மாதிரியில் சோதித்துவிட்டுத் திறந்த உலகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூடிய மாதிரி உங்கள் அறிக்கையையும் பொய்யாக்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு த்ரெட், செகண்டுக்கு ஒரு ரிக்வெஸ்ட், மொத்தம் ஒரு நிமிடம். முதல் 30 செகண்ட் சர்வர் 0.1 செகண்டில் பதில் சொல்கிறது. பிறகு 30 செகண்ட் உறைந்துவிடுகிறது. கருவி என்ன பதிவு செய்யும்? 30 வேகமான பதில்கள், 30 செகண்ட் எடுத்த ஒரு பதில். சராசரி ஒரு செகண்டை ஒட்டி வரும். ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். நிஜத்தில் அந்த 30 செகண்டில் 30 பேர் வந்திருப்பார்கள். முதல் ஆள் 30 செகண்ட், அடுத்தவர் 29, அதற்கடுத்தவர் 28 என்று காத்திருப்பார்கள். அறுபது பேருக்கும் சராசரி போட்டால் ஏறக்குறைய 7.8 செகண்ட். ஒரே சர்வர், ஒரே உறைவு, ஆனால் அறிக்கை ஏழு மடங்குக்கு மேல் தப்பு. கில் டெனே என்ற பொறியாளர் இதற்குக் ‘கோ-ஆர்டினேட்டட் ஒமிஷன்’ என்று பெயர் வைத்தார். கருவியும் சர்வரும் கைகோத்துக்கொண்டு கெட்ட செய்தியை மறைப்பது என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

இதிலிருந்து தப்பிக்க, ‘எத்தனை பயனர்’ என்பதை மறந்துவிட்டு ‘நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்’ என்று யோசியுங்கள். ஒரே நேரத்தில் உள்ளே எத்தனை பேர் என்பது தானாக வந்துவிடும். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி அதைத்தான் சொல்கிறது: வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர்கள். மெஸ்ஸில் நிமிடத்துக்கு 10 பேர் வந்து, ஒவ்வொருவரும் 20 நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டால் 200 நாற்காலி வேண்டும். பரிமாறுவது தாமதமாகி 40 நிமிடம் ஆனால் 400 நாற்காலி. வருகிறவர்கள் கூடவே இல்லை, ஆனாலும் இடம் போதவில்லை. உங்கள் தளத்தில் நடந்ததும் இதுதான். ‘ஒரே நேரத்தில் 400 பேர்’ என்பது கூட்டம் கூடியதால் வந்த எண்ணாக இல்லாமல், உள்ளே போனவர்கள் வெளியே வர முடியாததால் வந்த எண்ணாகவும் இருக்கலாம்.

கருவிகளில் இதற்கு வழி இருக்கிறது. ஜேமீட்டர் 5.5-லிருந்து ஓப்பன் மாடல் த்ரெட் குரூப் உண்டு. கே6 என்ற கருவியில் ‘அரைவல் ரேட்’ என்று முடியும் எக்ஸிக்யூட்டர்கள் (ஓட்டும் முறைகள்), கேட்லிங் என்ற கருவியில் ‘இன்ஜெக்ட் ஓப்பன்’. லோகஸ்ட் என்ற இன்னொரு கருவி இயல்பில் மூடிய மாதிரிதான், ஆனால் பைத்தானில் எழுதலாம் என்பதால் பலருக்கு வசதி. கே6-ல் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் ஒதுக்கிய உச்ச எண்ணிக்கையிலான விர்ச்சுவல் யூசர்கள் தீர்ந்துபோனால் அது புதியவர்களை அனுப்பாமல் விட்டுவிடும். ‘டிராப்ட் இட்டரேஷன்ஸ்’ என்று ஒரு வரியில் அதைச் சொல்லும். அந்த வரியைப் பார்க்காவிட்டால், சத்தமில்லாமல் மறுபடி மூடிய மாதிரிக்குத் திரும்பியிருப்பீர்கள். எந்தக் கருவி சிறந்தது என்று நடக்கும் சண்டைகளில் எனக்கு ஆர்வம் இல்லை. உங்கள் குழுவில் யாருக்கு எது எழுத வருமோ அது போதும்.

நிஜப் போக்குவரத்து எப்படி இருக்கும் என்று நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அன்று காலை 5:45 முதல் 6:10 வரையிலான என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் அக்சஸ் லாக் (ஒவ்வொரு ரிக்வெஸ்டின் பதிவு) உங்களிடம் இருக்கிறது. உங்களுக்கு வலித்த அந்தக் காலைதான் உங்கள் சோதனைக்கு ஆகச் சிறந்த மூலப்பொருள். அதை அழித்துவிடாதீர்கள். பழைய லாகைத் தானாக அழிக்கும் லாக் ரொடேஷன் தின்றுவிடுவதற்குள் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

அதில் முதலில் செகண்டுவாரியாக வருகையைப் பாருங்கள். சீராக ஏறும் சரிவு இருக்காது, 5:59:50-லிருந்து ஒரு சுவர் எழும்பும். ஜேமீட்டரில் ‘பத்து நிமிடத்தில் 1000 பேர்’ என்று மெல்ல ஏற்றுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஐஆர்சிடிசியில் தட்கல், ஏசிக்கு 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கும்போது இதே சுவர்தான். 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் திறந்ததும் அதுவே நடந்தது. ஓடிபி வராமல் பலர் திரும்பத் திரும்ப முயன்றதும், அன்றே ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்ததும் நினைவிருக்கும். திறக்கும் நேரம் அறிவித்துவிட்ட எதற்கும் கூட்டம் முன்கூட்டியே வந்து லாகின் செய்துகொண்டு காத்திருக்கும். ஆகவே முதலில் அடி வாங்குவது முன்பதிவு அல்ல, 5:55-ன் லாகின், அதன் ஓடிபி. இதையும் ஸ்கிரிப்டில் சேருங்கள்.

அடுத்து ஒரே செஷனில் கிளிக்குகளுக்கு இடையே உள்ள இடைவெளி. சராசரியாக 12 செகண்ட் என்று கண்டுபிடித்து எல்லோருக்கும் 12 போட்டால் அணிவகுப்பு மாதிரி எல்லோரும் ஒன்றாகக் கால் வைப்பார்கள். இடைவெளிகள் பரந்து கிடக்கும்: 2 செகண்டில் தட்டுகிறவர், பால் பொங்குகிறது என்று எழுந்து போய் 4 நிமிடம் கழித்து வருகிறவர். லாகில் உள்ள பரவலை அப்படியே எடுத்து, அதிலிருந்து குலுக்கிப் போட்டு எடுங்கள். பிறகு எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள் என்பது. தேடிய நூறு பேரில் பணம் கட்டும் வரை போகிறவர்கள் சாதாரண நாளில் ஐந்தாறு பேர் என்றால், பண்டிகை திறப்பு நாளில் அது பல மடங்கு. சாதாரண செவ்வாய்க்கிழமை லாகை எடுத்துப் பத்தால் பெருக்கினால் பொங்கல் வராது.

தரவு விஷயத்தில் உங்கள் ஸ்கிரிப்ட் இரண்டு பக்கமும் ஏமாற்றியிருக்கிறது. எல்லோரும் சென்னை–மதுரை, ஒரே தேதி. முதல் தேடலுக்குப் பிறகு எல்லாம் கேஷிலிருந்து (முந்தைய பதிலின் நகலிலிருந்து) வந்திருக்கும், டேட்டாபேஸ் கொட்டாவி விட்டிருக்கும். இதற்கு மாற்று என்று எல்லா ஊர்களையும் சமமாகக் கலைத்துப் போடுவதும் தப்பு. நிஜத்தில் நாலைந்து வழித்தடங்களும் இரண்டு தேதிகளும் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும், மீதி நூற்றுக்கணக்கான வழித்தடங்களுக்கு ஒன்றிரண்டு பேர் என்று நீண்ட வால் இருக்கும். அந்த வால்தான் கேஷைத் தாண்டி டேட்டாபேஸைத் தொடும். அந்தத் தலைதான் ஒரே பேருந்தின் 36 இருக்கைகளுக்கு 300 பேரை மோதவிட்டு, டேட்டாபேஸின் ஒரே வரியைப் பூட்டப் போட்டிபோட வைக்கும். இரண்டும் வேண்டும். சோதனைச் சூழலின் டேட்டாபேஸில் 500 வரிகளும் நிஜத்தில் 40 லட்சமும் இருந்தால், இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாத குறை அங்கே தெரியாது.

நிஜப் போக்குவரத்தைப் பதிவு செய்து அப்படியே திருப்பி ஓட்டும் கோரீப்ளே போன்ற கருவிகளும் உண்டு. படிக்கும் பக்கங்களுக்கு அருமை. டிக்கெட் போன்றவற்றுக்குச் சிரமம்: பழைய செஷன் டோக்கன்கள் செல்லாது, அன்று விற்ற இருக்கை இன்று இல்லை. தவிர, நிஜ மனிதர்களின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கும். எண்களை மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு விற்பனைத் தளத்தின் சோதனையில் எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதியைத் துண்டிக்க மறந்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு நிஜ வாடிக்கையாளர்களுக்கு ‘உங்கள் ஆர்டர் உறுதியானது’ என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, ‘நான் எதுவும் வாங்கலையேப்பா’ என்று பதறிய பிறகுதான் நிறுத்தினோம். அன்றிலிருந்து எஸ்எம்எஸ், மெயில், பணம் மூன்றையும் துண்டித்தாயிற்றா என்று இரண்டு பேர் கையெழுத்துப் போடாமல் நான் எந்தச் சோதனையையும் தொடங்குவதில்லை.

லாகில் எளிதில் தெரியாத ஒன்று, பக்கம் வராதபோது மனிதர்கள் செய்வது. மூன்று செகண்டில் வரவில்லையா, ரெஃப்ரெஷ். அதுவும் வரவில்லையா, புதிய டேப். அப்புறம் அம்மா போனில் ஒன்று, தம்பி லேப்டாப்பில் ஒன்று. சர்வர் பழைய ரிக்வெஸ்டுக்கு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், கேட்டவர் அதைக் கைவிட்டு இரண்டாவது முறை கேட்டிருப்பார். ஆகவே ஸ்கிரிப்டில் ஒரு பகுதிப் பயனர்களுக்குப் பொறுமை இல்லாமல் செய்யுங்கள்: 5 செகண்டில் பதில் வராவிட்டால் இணைப்பை அறுத்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும், அதிகபட்சம் நாலைந்து முறை. இந்த ஒரு மாற்றத்தைச் செய்ததும், அதுவரை ‘பாஸ்’ ஆகிக்கொண்டிருந்த பல தளங்கள் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் வரும்போது மட்டுமல்ல, போகும்போதும் அடி விழும். 2019 ஜூலை 10, மான்செஸ்டரில் இந்தியா–நியூசிலாந்து அரையிறுதி. ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடி பேர். கப்தில் எறிந்த பந்தில் தோனி ரன் அவுட். கோடிக்கணக்கானோர் ஒரே சமயத்தில் பேக் பட்டனை அமுக்கினால் எல்லோரும் முகப்புப் பக்கத்தில் வந்து இறங்குவார்கள். வீடியோ பார்ப்பவர்கள் தொடாத முகப்பு ஏபிஐகள் (முகப்பு தன் தரவைக் கேட்டு வாங்கும் சர்வர் வாசல்கள்) திடீரென்று மொத்தச் சுமையையும் வாங்கும். அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் இதற்குத் தயாராகத்தான் இருந்தார்கள். ஹல்க் என்று பெயர் வைத்து, அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் எட்டு பகுதிகளிலிருந்து 1,08,000 சிபியுக்களைக் கொண்டு தங்கள் தளத்தைத் தாங்களே அடித்துப் பார்த்ததாகப் பின்னர் மேடையில் விளக்கினார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் ‘இருக்கைகள் தீர்ந்துவிட்டன’ என்று வந்ததும் உங்கள் கூட்டம் எங்கே போகும்? மறுபடி தேடலுக்கு, அடுத்த தேதிக்கு. அந்தப் பக்கத்தைச் சோதித்தீர்களா?

சூழல் சம்பந்தமான சில கண்ணிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜேமீட்டரின் திரையைத் திறந்துவைத்து லோடு டெஸ்ட் ஓட்டாதீர்கள், கமாண்ட் லைனில் ஓட்டுங்கள், சுமையை அனுப்பும் மெஷினின் சிபியுவையும் பாருங்கள். ஒரே ஐபியிலிருந்து அடித்தால் ஒருவர் எவ்வளவு கேட்கலாம் என்று வரம்பு வைக்கும் ரேட் லிமிட்டர் தடுக்கலாம், சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துத் தரும் லோடு பேலன்சர் எல்லாவற்றையும் ஒரே சர்வருக்கு அனுப்பலாம். ஏடபிள்யூஎஸ்ஸின் டி2 வகை சர்வர்களுக்கு சிபியு கிரெடிட் (முழு வேகத்தில் ஓடச் சேர்த்து வைத்த இருப்பு) உண்டு. அது தீரும்வரை புலி, தீர்ந்ததும் பூனை, சின்னச் சோதனையில் புலி மட்டும்தான் தெரியும். கேட்வே நிறுவனத்தின் சாண்ட்பாக்ஸை (சோதனைக்கான தளத்தை) அவர்கள் அனுமதி இல்லாமல் அடிக்காதீர்கள், அதை அவர்கள் தாக்குதலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அறிக்கையில் சராசரியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு 95, 99-வது பர்சன்டைலைப் பாருங்கள், அதாவது நூற்றில் 95 அல்லது 99 பதில்கள் எத்தனை நேரத்துக்குள் வந்தன என்று. 99-வது என்பது நூற்றில் ஒருவரின் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் டிக்கெட் எடுத்து முடிக்க 20 ஏபிஐ அழைப்புகள் ஆகின்றன என்றால், அவற்றில் ஒன்றாவது அந்த மெதுவான ஒரு சதவிகிதத்தில் மாட்டும் வாய்ப்பு 18 சதவிகிதம். ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சோதனையை ‘பாஸ்’ ஆனதும் நிறுத்தாதீர்கள். விழும் வரை ஏற்றுங்கள். முதலில் எது விழுகிறது என்று எழுதி வையுங்கள்: பூலா, த்ரெட்டா, டேட்டாபேஸ் பூட்டா. பிறகு சுமையைப் பாதியாகக் குறைத்து, எதையும் ரீஸ்டார்ட் செய்யாமல் பத்து நிமிடம் காத்திருங்கள். தானாக எழுந்தால் நல்லது. எழவில்லை என்றால், மறுமுயற்சிகளும் தேங்கிய வரிசையும் சேர்ந்து அதைக் கீழேயே அமுக்கி வைத்திருக்கின்றன. அப்போது வரிசையின் நீளத்துக்கு வரம்பு, குறைந்த டைம்அவுட், கேட்வே அழைப்பை டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே எடுப்பது என்று தொடங்க வேண்டும். உங்கள் விஷயத்தில் நான் முதலில் கை வைப்பது அந்த டிரான்ஸாக்ஷனில்தான். பூல் அளவை 10-லிருந்து 100 ஆக்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் அதன் இயல்பான மொத்த வரம்பே 100 இணைப்புகள்தான், இரண்டு சர்வர் வைத்திருந்தால் அங்கே போய் முட்டும்.